மின்சாரம் இருக்கக் கரண்டு ஏன்?

சென்ற வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தில்லி வெயில் தணியுமுன் நம் சங்க நூலகத்திற்குச் சென்றோம். கதவு சாத்தியிருந்தது. அதில் ஒட்டியிருந்த தாளில், ‘லைட் இல்லை. ஆகவே லைப்ரரி லீவு’ என்று அழகிய தமிழ் எழுத்தில் எழுதியிருந்தது. ஐந்து சொற்கள், அவற்றுள் தமிழ் இரண்டு. எழுதியவர் இந்நகரிலேயே பிறந்து, நம் ஞாயிறு வகுப்பில் அகரம் பயின்ற இளைஞர். அவரைக் கடிந்துகொள்ள நமக்கு வாய் வரவில்லை. ‘எங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தானே சொல்கிறார்கள், மாமா?’ என்று அவர் கேட்ட கேள்விக்கு நம்மிடம் விடையும் இல்லை.

வாயிலில் நின்றிருந்த பெரியவர்கள் மூவர் விடை கூற முன்வந்தனர். ஒருவர், ‘லைட் என்பது இந்திக்காரன் பேச்சு. கரண்ட் இல்லை என்று எழுது, அதுதான் தமிழ்’ என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தோம்; இல்லை, மெய்யாகவே சொன்னார். புலமை மிக்க மற்றொருவர், ‘மின்சாரம் என்று எழுதினாலும் தவறே, சாரம் வடசொல். மின்னாற்றல் என்றே எழுதுக’ என்றார். மூன்றாமவர், ‘எப்படி எழுதினால் என்ன, இருட்டு இருட்டுதானே’ என்று கூறிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார். அன்று மாலை எவரும் புத்தகம் எடுக்கவில்லை. வழக்கு மட்டும் மிஞ்சியது. அவ்வழக்கை இம்மலரின் வழியே மன்றத்தில் வைக்கிறோம்.

முதலில் ‘கரண்டு’ என்பாரைப் பார்ப்போம். அச்சொல்லை ஆங்கிலம் என்று எண்ணி இகழ்வாரும், தமிழாகிவிட்டது என்று எண்ணிப் புகழ்வாரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். விளக்கு அணைந்ததும் ‘கரண்டு போய்விட்டது’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்வதில்லை. ‘பவர்’ போயிற்று என்பதே அவர்கள் வழக்கு. ஆங்கிலத்தில் ‘கரண்ட்’ என்றால் ஓட்டம். ஆற்று நீரின் ஓட்டத்திற்கும் அதே சொல்தான். வங்கியில் அதே சொல் ‘நடப்பு’ என்று பொருள்பட்டு நடப்புக் கணக்காகிறது. ஆக நாம் கடன் வாங்கிய சொல்லைக் கடன் கொடுத்தவனே இப்பொருளில் ஆள்வதில்லை. தமிழும் ஆகாத, ஆங்கிலமும் ஆகாத ஒன்றையே நம் வீடுகளில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

பிழை சொல்லோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். பொருளையும் அது கெடுக்கிறது. நம் வீட்டுச் சுவரில் ஒரு மின்செருகியும் மாட்டாமல் வெறுமனே கிடக்கும் துளைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே ஓட்டம் இல்லை. ஆயின் 230 வோல்ட் மின்னழுத்தம் பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிறது. குழந்தை ஒரு கம்பியை உள்ளே விடும் கணத்தில்தான் ஓட்டம் பிறக்கிறது. அதுவும் குழந்தையின் உடல் வழியே. ‘கரண்டு’ என்னும் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு இவ்வேறுபாட்டை அக்குழந்தைக்கு எப்படி விளக்குவீர்கள்? தமிழில் அழுத்தம் என்றும் ஓட்டம் என்றும் இரு சொற்கள் இருக்கின்றன. தண்ணீர்த் தொட்டியையும் குழாயையும் காட்டினாலே போதும், ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடும். திங்கள்தோறும் வரும் ‘கரண்டு பில்’லும் ஓட்டத்திற்கு விதிக்கப்பட்ட கட்டணம் அன்று. 100 வாட் விளக்கு ஒன்று பத்து மணி நேரம் எரிந்தால் செலவாகும் ஆற்றலே அதில் ஒரு யூனிட்டு எனக் குறிக்கப்படுகிறது.

நம் வீட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் பேத்தியை அழைத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போயிருந்தோம். இரவெல்லாம் சூறைக்காற்று. விடிந்ததும் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாய்ச் சென்று, வாய்க்கால் கரையில் மின்கம்பி அறுந்து கிடக்கிறது, யாரும் அப்பக்கம் போகவேண்டா என்று அறிவித்தது. பேத்தி வாசலில் நின்று முழுவதையும் கேட்டாள். கேட்டபின் செருப்பை மாட்டிக்கொண்டு வாய்க்காலைப் பார்க்கக் கிளம்பினாள். ‘மின்கம்பி என்றால் மீன் பிடிக்கிற கம்பியா, தாத்தா?’ என்று போகிற போக்கில் கேட்டாளே, அந்தக் கேள்விதான் அவளைக் காப்பாற்றியது. கேட்காமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இன்றும் நம்மால் எண்ணிப் பார்க்க முடியவில்லை. குற்றம் அவளுடையதன்று. பிறந்தது முதல் அவள் காதில் நாம் போட்டது ‘கரண்டு’. ஊரார் எச்சரித்தது ‘மின்’. இரண்டும் ஒன்று என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மின்சாரம் என்ற சொல் நம் வீடுகளில் எப்போது நுழைகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலை நாளிதழில் ‘மின்சாரம் தாக்கி’ இன்னார் மாண்டார் என்ற செய்தியைப் படிக்கும்போது நுழைகிறது. விளக்கு எரிகையில் கரண்டு, விசிறி சுழல்கையில் கரண்டு, ஆளைக் கொல்கையில் மட்டும் மின்சாரம்! ஒளியையும் காற்றையும் பிற மொழிக்குக் கொடுத்துவிட்டுச் சாவை மட்டும் தாய்மொழிக்கு ஒதுக்கிய பெருமை நம்முடையது.

அயலாரைப் பார்ப்போம். நம் அண்டை வீட்டார் ‘பிஜ்லி’ என்கின்றனர். வானத்து மின்னலுக்கும் அதுவே பெயர், கம்பியில் வருவதற்கும் அதுவே பெயர். ‘வித்யுத்’ என்னும் வடசொல் பாகதத்தின் வழியே தேய்ந்து ‘பிஜ்லி’ ஆயிற்று. மராத்தியர் ‘வீஜ்’ என்பர். அங்கும் மின்னலே மின்சாரம். அலுவலகப் பலகையில் ‘வித்யுத்’ என்று எழுதிக்கொள்வார்கள், வீட்டில் ‘பிஜ்லி’ என்று பேசுவார்கள். இரண்டும் அவர்கள் சொத்து. அவர்களும் ‘லைட் போயிற்று’ என்பதுண்டே எனலாம். உண்டு. நம் பிள்ளைகள் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதும் அதைத்தான். நல்லதைக் கற்காமல் சோம்பலைக் கற்றோம் என்பதற்கு அது சான்று.

நம் தென்னாட்டு உடன்பிறப்புகளும் கரண்டைப் பிடித்துக்கொண்டிருப்பவர்களே. மலையாளத்தார் எழுத்தில் ‘வைத்யுதி’ என்பர். கன்னடரும் தெலுங்கரும் ‘வித்யுத்’ என்பர். தன் சொந்த வேரிலிருந்தே மின்சாரத்தின் பெயரைத் தொடங்கிய மொழி, அக்குடும்பத்தில் நாம் அறிந்த வரையில் தமிழ் ஒன்றே. வேர் அவர்களிடமும் இருக்கிறது: மலையாளத்தில் ‘மின்னல்’, கன்னடத்தில் ‘மிஞ்சு’. அண்மையில் கன்னடர் அவ்வேரைத் தேடி எடுத்து, கணினி வழிக் கடிதத்திற்கு ‘மிஞ்சஞ்செ’ என்று பெயரிட்டிருக்கின்றனர். நம் மின்னஞ்சலுக்கு அது தங்கை முறை.

ஆங்கிலப் பெயரின் பிறப்பையும் அறிந்துகொள்வது நன்று. மரப்பிசின் இறுகிப் பன்னெடுங்காலம் மண்ணிற் கிடந்து கல்லாகும் பொருளுக்கு அம்பர் என்று பெயர். அதைத் துணியில் தேய்த்தால் துரும்பை இழுக்கும். அம்பருக்குக் கிரேக்கத்தில் ‘எலெக்ட்ரான்’ என்று பெயர். ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட்டு 1600-இல் வெளியிட்ட காந்தம் பற்றிய இலத்தீன் நூலில், அம்பரைப் போல் இழுக்கும் பொருள்களுக்கு அதிலிருந்து ஒரு பெயரை அமைத்தார். அதன் வழி வந்ததே ‘எலக்ட்ரிசிட்டி’. பாரசீகரும் அரபியரும் செய்தது இன்னும் வேடிக்கை. அம்பருக்குப் பாரசீகப் பெயர் ‘காஹ்ருபா’, அதாவது வைக்கோலைக் கவர்வது. அதை வாங்கிக்கொண்டு அரபியர் மின்சாரத்தைக் ‘கஹ்ரபா’ என்றனர். பாரசீகரோ தம் சொல்லைக் கொடுத்துவிட்டு, மின்னலைக் குறிக்கும் ‘பர்க்’ என்ற அரபுச் சொல்லை வாங்கி மின்சாரத்திற்கு இட்டுக்கொண்டனர். சீனர் மின்சாரத்தைக் குறிக்கும் எழுத்தும் மின்னலைக் குறித்ததே. அதன் மரபு வடிவத்தின் மேற்பகுதியில் மழை இருக்கிறது.

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்பது 1752-இல் பிராங்கிளின் முதலியோரின் சோதனைகளால் உறுதிப்பட்டது. பிசினைப் பிடித்துக்கொண்ட ஐரோப்பியச் சொல்லுக்கு அவ்வுண்மையைத் தன்னுள் ஏற்க இடமில்லாமற் போயிற்று. தமிழ்ச் சொல்லோ தன் முதல் அசையிலேயே அதைக் கொண்டிருக்கிறது. மார்கழி வைகறையில் நம் இல்லங்களிற் பாடப்பெறும் திருப்பாவையில், மழைக்கு முன் தோன்றும் மின்னலை ஆண்டாள் திருமால் கையிலுள்ள ஆழிக்கு ஒப்பிடுகிறாள். அந்த ‘மின்’தான் இன்று சுவரில் கம்பியாய் ஓடுகிறது. அதைப் பாடத் தெரிந்த நமக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை.

இவ்வேர் ஈன்ற மக்களை எண்ணப் புகுந்தால் இம்மலரின் பக்கங்கள் போதா. மின்விளக்கு, மின்விசிறி, மின்கலம், மின்கம்பம், மின்மாற்றி, மின்தேக்கி, மின்சுற்று, மின்கடத்தி, மின்பகுப்பு. அணுவினுள்ளே புகுந்தால் மின்னணு. நேற்றுப் பிறந்த மின்னஞ்சல், மின்னூல். ஈழத்தமிழர் விளக்கைக்கூட மின்குமிழ் என்று எவ்வளவு அழகாகச் சொல்கின்றனர்! ‘கரண்டு’ ஈன்றது என்ன? கரண்டு கம்பம், கரண்டு பில், கரண்டு கட்டு. இவையும் ஒட்டுப்போட்டவையே, பிறந்தவை அல்ல. அச்சொல்லிலிருந்து மின்னழுத்தத்திற்கு ஒரு பெயர் காட்டுங்கள், இக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்.

‘சாவி, ஜன்னல், மேசை என்று போர்த்துகீசியச் சொற்களையெல்லாம் ஏற்றீர்களே, கரண்டு மட்டும் என்ன பாவம் செய்தது?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நேர்மையான கேள்வி. சாளரம் இருக்க ஜன்னல் என்கிறோம். அதைத் திருத்த நாம் வரவில்லை. கைப்பேசிக்குச் ‘சார்ஜ் போடு’ என்று நம் வாயும் சொல்கிறது. மின்னேற்றம் என்று சொல்லிப் பழகவில்லை. ஆனால் ஜன்னலை ஜன்னல் என்றதனால் ஒரு குழந்தை பாடநூலில் இடறி விழுவதில்லை. ஜன்னல் தனிமரம். மின் ஒரு தோப்பின் வாயில். அதை அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு மரமும் நம் பிள்ளைக்கு இல்லை.

இனிப் புலவர் கட்சி. ‘சாரம்’ வடசொல் என்பது உண்மை. அதற்குச் சாறு, உட்பொருள் என்று பொருள் கொள்ளினும் பொருந்தும். சஞ்சாரம் என்பதிற் போல இயக்கம் என்று கொள்ளினும் பொருந்தும். மின்னலின் சாறு, அல்லது மின்னலின் நடை. எப்படி நோக்கினும் கவிதை. பல தலைமுறைகளாக நாவிற் புழங்கிய சொல்லைப் பிறப்புச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிறுத்துவது முறையன்று. புலவர்கள் கொல்லைப்புறத்தில் ‘சாரத்தோடு’ வழக்காடிக்கொண்டிருக்கையில், தலைவாசல் வழியே கரண்டு நுழைந்து நடுக்கூடத்தில் அமர்ந்துவிட்டதை அவர்கள் காணவில்லை. மின்னாற்றல் நல்ல சொல்தான். அது ‘எனர்ஜி’ என்று பொருள்படும் இடத்திற்கு உரியது. அதை அவ்விடத்திலேயே விட்டுவைப்போம்.

மின்சாரம் பண்டிதர் சொல், பாமரர்க்கு ஆகாது என்பாரும் உளர். அவர்கள் கொங்கு நாட்டு உழவரைக் கேட்கட்டும். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-இல் கோவை நகருக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் பண்டிதர்கள் அல்லர். நள்ளிரவில் கிணற்று மேட்டில் மோட்டாருக்காகக் காத்திருக்கும்போது அவர்கள் ‘கரண்டு வந்துவிட்டதா?’ என்று கேட்டிருக்கலாம். ஆனால் உரிமை கேட்க எழுந்தபோது அவர்கள் நாவில் நின்றவை மின்சாரமும் மின்கட்டணமுமே. பின்னாளில் உழவர்க்குக் கட்டணமின்றி அளித்த திட்டம் ஊர்ப்புறமெங்கும் ‘இலவச மின்சாரம்’ என்றே வழங்குகிறது. 1986-இல் விசு தம் படத்திற்குச் ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்று பெயரிட்டபோது, கொட்டகைக்குச் சென்ற எவரும் அகராதியைப் புரட்டவில்லை. அப்படம் தேசிய விருதும் பெற்றது. ‘சம்சாரம் அது கரண்டு’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

புலம்பெயர்ந்த நமக்கும் இதற்கும் உறவு பழையது. காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902-இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் அது ஒன்று. பெங்களூர்த் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியது 1905-இல்தான். தங்கவயலின் ஆழத்தில் இறங்கியவர்களுள் வட ஆர்க்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பிழைக்கப்போன தமிழர் மிகப் பலர். 2001-இல் அச்சுரங்கங்கள் மூடப்படும்வரை அவர்கள் வழியினர் தலைமுறை தலைமுறையாய் அங்கே உழைத்தனர். தமிழ்நாட்டில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 1932-இல். ஆகவே, ‘ஊரில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், வெளியூரில் இருக்கும் நமக்கு மின்சாரம் என்ற சொல் எதற்கு?’ என்று இங்கே எவரும் கைகழுவ வேண்டா.

பழியை மக்கள் தலையில் மட்டும் சுமத்துவதும் நேர்மையன்று. அலுவலகத் தமிழ் இச்சொல்லுக்குச் செய்த கேடு சிறிதன்று. பாடநூலில் ‘மின்தடை’ என்றால் ஓம் கணக்கில் அளக்கப்படும் தடை. நாளிதழில் ‘இன்றைய மின்தடை’ என்றால் எந்தெந்தத் தெருவில் விளக்கு எரியாது என்ற பட்டியல். பத்தாம் வகுப்பு மாணவர் இரண்டையும் ஒரே நாளில் படித்துவிட்டு விழிக்கிறார். தெருவிற்கு மின்வெட்டு என்னும் கூரிய சொல் இருக்க, அதை இப்படி மழுக்கியது யார்? ‘மாதாந்திரப் பராமரிப்புப் பணிகள் காரணமாக மின்விநியோகம் நிறுத்தம் செய்யப்படும்’ என்று எழுதுவதைவிட ‘நாளை மின்சாரம் இராது’ என்றால் குறைந்தா போய்விடும்? இத்தகைய நடையைக் கண்டு அஞ்சியே மக்கள் கரண்டின் மடியில் போய் விழுகின்றனர் என்று நம் மருமகப்பிள்ளை சொல்வதுண்டு. மின்துறையில் பணியாற்றுபவர் அவர். அதனால் இதில் அவர் சொல்லை மறுக்க நமக்குத் துணிவில்லை.

தாய்மார்களே, நாம் கேட்பது மேடைத் தமிழன்று. ‘மின்சாரம் போச்சு, மெழுகுவத்தி எங்கே?’ என்று அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரட்டும். ‘போச்சு’ இருக்கட்டும், ‘மெழுகுவத்தி’யும் இருக்கட்டும். முதற் சொல் மட்டும் மாறட்டும். முதல் நாள் பிள்ளைகள் சிரிப்பார்கள். நம் வீட்டிலும் சிரித்தார்கள். பேத்தி மட்டும் சிரிக்கவில்லை.

சங்கத்திற்கும் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். இவ்வாண்டு நன்கொடையில் கூடத்திற்கு இன்வெர்ட்டர் வாங்கியிருப்பதால் இனி நூலகம் இருட்டில் மூடப்படாது, மகிழ்ச்சி. ஆயின் அதையொட்டிப் புதிதாகப் பொருத்திய பொத்தான் பலகையில் விளக்கு, விசிறி, மேடை என்று ஒரு தமிழ் எழுத்தும் இல்லை. ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் நாள்தோறும் தொடும் பலகை அது. பொத்தான்களின் அருகே தமிழிலும் பெயர் எழுதவேண்டும் என்றும், பலகையின் மேல் ‘மின்சாரம்: எச்சரிக்கை’ என்று சிவப்பில் எழுதவேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம். செயற்குழு ஆவன செய்வதாகக் கூறியுள்ளது. வண்ணத்தின் விலையை நாம் தருகிறோம். எழுதுவதற்கு, நூலகக் கதவில் தாள் ஒட்டிய அந்த இளைஞரையே அழைக்கவேண்டும். அவர் கையெழுத்து நம் எல்லாருடையதையும்விட அழகு.